பங்களா விறகுக்காரனாக நான் இருந்த நான்கு மாதம்

1. ரெண்டு போடு

பெரட்டுக்களத்தில் என்னைத் துரைக்கு முன்னால் நிறுத்திக் கங்காணி சொன்னார்: "கரவனெல்லப் பக்கம் முழுக்கத் தேடினாலும் இவன மாதிரி ஒரு கோடாலிக்காரன் கெடைக்க மாட்டான் தொரைங்களே." அது அவர் கட்டிய கதையல்ல. முந்தின நாள் நான் அவரிடம் அளந்ததை அப்படியே ஒப்பித்தார்.

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பது. அது இன்றைய பிள்ளைகளுக்கும் தெரியும். தெரியாதது அன்றைய குளிர். பலாங்கொடைக்கு மேலே, மேகம் இறங்கித் தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்துகொள்ளும் உயரத்தில் இருந்தது அந்தத் தோட்டம். கரவனெல்ல ரப்பர் காட்டில் வேர்வையோடு வளர்ந்த எனக்கு ஆவணி மாதத்திலேயே பல் கிட்டியது. தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, நடுங்குவது தெரியாமல் இருக்கக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் பேசும் தமிழ் எங்களிடமே கற்றுக்கொண்டது. ஆனால் மரியாதையை மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

"நீ பெரிய கட்டை பொளக்குமா?"

"எந்தக் கட்டையா இருந்தாலும் ரெண்டு போடுல ரெண்டாயிரும் தொரே."

"ரெண்டு போடு?"

"ரெண்டே போடுங்க."

அவர் சிரித்தார். பெரட்டில் நின்ற நூறு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்க எனக்கு 'ரெண்டு போடு' என்று பெயர் விழுந்துவிட்டது. வீரமலை என்று அப்பன் வைத்த பெயரைப் என் பெண்சாதி பேச்சாயிகூட மறந்துவிடுவாளோ என்று தோன்றியது. அவள் என்னை எந்தக் காலத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அது வேறு விஷயம்.

ஏன் அப்படிப் பீற்றிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருடம் எங்கள் பக்கத்தில் மழை பொய்த்தது. ஆறு ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கியது. கொசு பெருகிக் காய்ச்சல் வந்தது. எனக்கும் பேச்சாயிக்கும் மூன்று பிள்ளைகள். பையன்கள் இரண்டு பேரையும் மூன்று வார இடைவெளியில் புதைத்தோம். மிஞ்சியது கைக்குழந்தை லெட்சுமி. அவளுக்கும் இரண்டு தடவை காய்ச்சல் வந்து வயிற்றில் கட்டி விழுந்திருந்தது. இன்னொரு தடவை வந்தால் இந்தப் பிள்ளை தாங்காது, குளிர் மலைக்குக் கொண்டு போய்விடுங்கள், அந்த உயரத்துக்கு இந்தக் காய்ச்சல் ஏறாது என்று டாக்டர் சொன்னார்.

பேச்சாயிக்குத் தூரத்து உறவான இந்தக் கங்காணிக்குச் சொல்லி அனுப்பினோம். தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. தோட்டங்களில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலை மலை வேலைக்கு ஆண் ஆள் வேண்டாம், பங்களாவுக்கு விறகுக்காரன் ஒருவன் வேண்டும், அதை வைத்துப் பெண்சாதிக்கும் கொழுந்து வேலை வாங்கித் தருகிறேன் என்று பதில் வந்தது. ஆக, விறகு வேலை போனால் இரண்டு பேருமே கீழே இறங்க வேண்டும். இறங்கினால் லெட்சுமி எங்களுக்கு இல்லை. இந்த நிலையில் எனக்கு மரம் பிளக்கத் தெரியுமா என்று கேட்டால் நான் வேறென்ன சொல்வேன்? மலையைப் பிளப்பாயா என்று கேட்டிருந்தாலும் ரெண்டு போடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

2. பால் வற்றட்டும்

பங்களாவுக்குப் பின்னால் டர்பன்டைன் மரங்கள் ஒரு வரிசையாக நின்றன. புத்தகத்தில் யூக்கலிப்டஸ் என்று போட்டிருக்கும். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். காற்றில் பங்களாக் கூரைமேல் சாய்ந்துவிடும் என்று ஆறு மரங்களைத் துரை வெட்டச் சொல்லியிருந்தார். வெட்டி அறுக்கும் கொந்தரப்பை, அதாவது ஒப்பந்த வேலையை, கீழே நாட்டுக் கிராமத்திலிருந்து வரும் முதியான்சே என்ற சிங்களவர் எடுத்திருந்தார். நான் சேர்ந்த வாரம்தான் அவர் கடைசி மரத்தை அறுத்து முடித்தார். ஒன்றரை அடி நீளத்தில், இரண்டு கையால் கட்டிப் பிடித்தாலும் அடங்காத உருளைகளாக நூற்றுக்கு மேல் கிடந்தன.

பங்களாச் சமையலுக்குக் காட்டு விறகு போதும். இந்த உருளைகள் கணப்புக்கு. மார்கழி பிறந்துவிட்டால் பங்களாவில் மாலை நாலு மணிக்குக் கணப்பு மூட்டுவார்கள். படுக்கப் போகும்வரை அது எரிய வேண்டும். டர்பன்டைன் நின்று எரியும், சூடும் அதிகம்.

முதியான்சே மரம் அறுக்கும் வாளைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மல்லி, இத இப்பவே பொளந்துருங்க. அமுவா இருக்கறப்பவே பொளக்கணும். வேலுனா சரி வராது."

மல்லி என்றால் தம்பி. அமு என்றால் பச்சை. வேலுனா என்றால் காய்ந்துபோனால். எங்களுக்குள் பேச்சு அப்படித்தான், பாதி அவர் பாஷை, பாதி எங்கள் பாஷை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரப்பர் மரத்தைப் பிளந்து பழகியவன் நான். ரப்பர் கட்டையைப் பச்சையாகப் பிளந்தால் பால் கசிந்து கோடாலியில் பிசின்போல ஒட்டும். ஓரிரு மாதம் போட்டுப் பால் வற்றவிட்டால் முகத்தில் வெடிப்பு விழும். அந்த வெடிப்பில் ஒரு போடு, பின்னாலேயே இன்னொரு போடு, கட்டை இரண்டாகிவிடும். என் 'ரெண்டு போடு' ஒன்றும் முழுப் பொய்யல்ல. கரவனெல்லயில் அது உண்மை.

"பால் வத்தட்டும் அய்யே," என்றேன். அய்யே என்றால் அண்ணன்.

அவர் உருளையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுல பால் எங்க மல்லி இருக்கு?"

"பால் இல்லாட்டித் தண்ணி இருக்குமில்ல, அது வத்தட்டும்."

"ஹொந்தாய்," என்றார். சரிதான் என்று அர்த்தம். வாளைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் சண்டை போட்டிருந்தாலாவது நான் யோசித்திருப்பேன்.

உருளைகளைக் கல்மேல் ஏற்றி, மேலே தகரம் போட்டு, காற்றோட்டமாக அடுக்கினேன். ஒரு நாள் முழுக்கச் செலவழித்து அழகாக அடுக்கினேன். துரையே வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன்பிறகு மூன்று மாதம் எனக்கு ராஜ வாழ்க்கை. சமையலுக்குக் காட்டு விறகைத் தட்டிப் போடுவேன், அடுக்களைக்குப் பின்னால் அப்பு கொடுக்கும் தேத்தண்ணியைக் குடிப்பேன். அப்பு என்றால் பங்களாவின் தலைமைச் சமையற்காரர். துரைக்கு அடுத்த துரை என்று அவருக்கு நினைப்பு.

இதற்குள் லெட்சுமிக்கு வயிற்றுக் கட்டி கரைந்துவிட்டது. கன்னத்தில் சதை வைத்தது. பேச்சாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். சூடு இருக்காது. என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைப்பாள். எங்கள் வீட்டில் தினமும் நடந்த பூஜை அது ஒன்றுதான்.

3. கோடாலி துள்ளியது

மார்கழி பிறப்பதற்குச் சில நாள் முன்னால், பழைய விறகு இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் வரும் என்று அப்பு வந்து சொன்னார். நான் தகரத்தை எடுத்துவிட்டு முதல் உருளையை நிமிர்த்தி வைத்தேன். வெடிப்புத் தேடினேன். முகத்தில் சுழிசுழியாக முறுக்கு ஓடியிருந்ததே தவிர, பிளந்துகொடுக்கிற மாதிரி ஒரு வெடிப்பும் இல்லை. பரவாயில்லை என்று நடு நெஞ்சில் ஓங்கிப் போட்டேன்.

கோடாலி துள்ளித் திரும்பி வந்தது. என் முழங்கால் தப்பியது அதிர்ஷ்டம். கட்டைமேல் நகம் பட்ட அளவுக்கு ஒரு கோடு விழுந்திருந்தது.

இரண்டாவது போடு. மூன்றாவது. இருபதாவது போட்டில் கோடாலி உள்ளே இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான், வெளியே வரவில்லை. இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். ஆப்பு முழுவதும் உள்ளே போய் மறைந்தது. கட்டை அதை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தது. இரண்டாவது ஆப்பை வைத்து முதல் ஆப்பை மீட்டேன். ஒரு வழியாகக் கட்டை வாயைத் திறந்தபோது உள்ளே பார்த்தேன். ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குக் கயிறு கயிறாக நார் ஓடியிருந்தது. பிளந்த பிறகும் அது இரண்டாகவில்லை. அத்தனை நாரையும் ஒவ்வொன்றாக அறுத்து முடித்தபோது மத்தியானச் சங்கு ஊதிவிட்டது.

ஒரு உருளைக்கு ஒரு காலை. பங்களாக் கணப்புக்கோ ஒரு மாலைக்கு மூன்று உருளை வேண்டும்.

கையில் கொப்புளம் உடைந்து கோடாலிப் பிடியில் இரத்தம் ஒட்டியது. அது எனக்கு வலிக்கவில்லை. முதியான்சே சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது, அதுதான் வலித்தது. போய்க் கேட்டிருக்கலாம். அவர் வீடு இரண்டு மைல் தூரம். 'அய்யே, தப்புப் பண்ணிட்டேன், என்ன செய்யறது' என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. கேட்டால் அவர் தோட்டத்தில் சொல்லுவார், சொன்னால் துரைக்குத் தெரியும், தெரிந்தால் கீழே இறங்க வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி வறட்டு வீம்பு.

4. மிலாறு

அந்த மாதம் பங்களாவுக்குக் கீழே இருந்த மலையில் கவ்வாத்து நடந்தது. கவ்வாத்தில் வெட்டி விழும் தேயிலைக் கிளையைத்தான் மிலாறு என்கிறோம். மிலாறு லயத்துப் பெண்களுக்குச் சொந்தம். இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, ஆனால் எல்லாத் தோட்டத்திலும் வழக்கம். வேலை முடிந்து போகும்போது ஆளுக்கு ஒரு கட்டு கட்டித் தலையில் வைத்துப் போவார்கள். அவர்கள் அடுப்பு எரிவதும், மழைக்காலத்தில் காம்பிரா எனும் லயத்து அறை சூடாவதும், நனைந்த துணி காய்வதும் அதில்தான். எந்த மலையில் எந்தப் பெண் பொறுக்குவது என்பதுகூட அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு.

அந்த மிலாற்றில் நான் கை வைத்தேன். பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், வெட்டிக் காய்ந்து கிடந்ததை அரிந்து, பத்துப் பன்னிரண்டு கட்டு பங்களா விறகுக் கொட்டிலுக்குக் கொண்டுபோனேன். நான் பிளந்த கொஞ்சம் டர்பன்டைனை முன்வரிசையில் அடுக்கி, பின்னால் முழுக்க மிலாற்றை நிரப்பினேன். பார்ப்பவர்களுக்குக் கொட்டில் நிறைந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் காம்பிராவுக்கு வந்தபோது அடுப்பு எரியவில்லை. பேச்சாயி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பீலிக்குத் தண்ணிக்குப் போனேன்," என்றாள். "ஒருத்தியும் எங்கூடப் பேசல. கொடத்த வச்சா தள்ளி வைக்கிறாங்க. ஏன்னு கேட்டேன். ஒம் புருசன் எங்க அடுப்புல கைய வச்சுட்டான்னு சொல்றாங்க. உண்மையா?"

"தொர வீட்டுக் கணப்பு அணைஞ்சா நம்ம கதை என்னாகும்னு தெரியாதா ஒனக்கு?"

"அந்த அக்காமாருங்க அடுப்பு அணைஞ்சா அவங்க புள்ளைங்க கதை என்னாகும்?"

கோடாலியைத் தீட்ட உட்கார்ந்தேன். தீட்டி என்ன ஆகப்போகிறது என்று எனக்கே தெரியும். அவள் என் கையிலிருந்த கொப்புளங்களைப் பார்த்தாள்.

"கட்டை பொளக்கல, இல்ல?"

"பொளக்கல."

எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். அவளிடம் நான் ஒரு வேலை தெரியாது என்று ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

5. ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தபோது பேச்சாயியும் இல்லை, பிள்ளையும் இல்லை, கூரையில் செருகியிருந்த காட்டுக்கத்தியும் இல்லை. தேடிக்கொண்டு பங்களாப் பின்புறம் போனேன். விறகுக் களத்தில் லெட்சுமி வெயிலில் சாக்கில் உட்கார்ந்து பட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள். பேச்சாயி ஒரு உருளைக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

அவளுக்குக் கட்டையை இரண்டாக்கும் நினைப்பே இல்லை. பீலியில் தன் குடத்தைத் தள்ளி வைத்த பெண்களுக்கு மிலாற்றுக்குப் பதில் விறகு திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்கு என்ன கிடைத்தாலும் சரி என்றுதான் வந்திருக்கிறாள். கட்டையின் நெஞ்சில் கை வைக்காமல் விளிம்பில், பட்டையிலிருந்து இரண்டு விரல் உள்ளே, கத்தியைக் குறுக்காக வைத்தாள். ஒரு மரத்துண்டால் கத்தி முதுகில் தட்டினாள். ஓங்கி அல்ல, அரிசி புடைக்கிற வேகத்தில்தான். கத்தி இறங்கியது. பிடியை வெளிப்பக்கம் சாய்த்தாள். ஒரு பலகை பட்டையோடு கழன்றது. நாலைந்து நார் பிடித்துக்கொண்டு நின்றது. அதே கத்தியால் சரக் சரக்கென்று அறுத்துவிட்டு, உருளையைக் கொஞ்சம் திருப்பி வைத்து அடுத்த பக்கத்தில் கத்தியை வைத்தாள்.

பலாக்காயைத் தோல் சீவுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கட்டை சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில் முழங்கை அளவுக்கு நெஞ்சு மட்டும் மிஞ்சியது. அதைப் பிளக்கவே வேண்டாம், அப்படியே கணப்பில் போடலாம். நான் ஒரு காலை முழுக்க மல்லுக்கட்டிய மரத்தை அவள் பிள்ளைக்கு இரண்டு தடவை மூக்குத் துடைத்துவிட்ட நேரத்தில் முடித்துவிட்டாள்.

"இத எங்க கத்துக்கிட்ட?"

"கத்துக்க என்ன இருக்கு? உள்ள விடமாட்டேங்குது. சரி, ஓரத்துல எவ்வளவு குடுக்குதோ அவ்வளவு எடுத்துக்கிறேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பிளந்து போடப்போட அடுக்கினேன். சாயங்காலத்துக்குள் பதினோரு உருளை முடிந்தது. அதில் பாதியைக் கட்டி, இரண்டு பேரும் லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், வாசல் வாசலாக வைத்தோம். யாரும் நன்றி சொல்லவில்லை. மறுநாள் பீலியில் பேச்சாயியின் குடத்துக்கு இடம் விட்டார்கள்.

6. துரை கேட்ட கேள்வி

ஆனால் நான் செய்த வேலை எனக்கு முன்னால் பங்களாவுக்குள் போய்விட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அப்பு பின்வரிசை மிலாற்றை அள்ளிக் கணப்பில் போட்டிருக்கிறார். மிலாறு பொரியும், வெடிக்கும். ஒரு பொறி பறந்து துரையின் கார்ப்பெட்டில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை.

திங்கட்கிழமை பெரட்டு முடிந்ததும் துரையே விறகுக் களத்துக்கு வந்தார், பின்னால் அப்பு. கத்தியை எந்தக் கோணத்தில் வைப்பது என்று காட்டிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்த பேச்சாயியும் அங்கே இருந்தாள். அவள் எழுந்து நின்றாள்.

"மிலாறு எவன் போட்டது?" என்று கேட்டார் துரை.

"நான்தாங்க தொரே."

"இவ்வளவு கட்டை இருக்கு. மிலாறு எதுக்கு?"

துரையே வழி காட்டினார். "முதியான்சே மோசமான மரம் குடுத்துச்சா? சொல்லு. இனிமே அவனுக்கு இந்தத் தோட்டத்துல கொந்தரப்பு இல்லை."

அந்த நிமிடம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. 'ஆமாங்க' என்று ஒரு சொல் சொன்னால் போதும். என் வேலை தங்கும். லெட்சுமி மலையில் இருப்பாள். முதியான்சே எனக்கு யார்? ஆறு மரம் அறுத்த மனுஷன், அவ்வளவுதான். நான் பேச்சாயியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டவுமில்லை, கண்ணைக் காட்டவுமில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். கீழே இறங்கத் தயாராகிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. என்னிடமிருந்து பொய்யை அவள் எதிர்பார்க்கவில்லை என்பதும் புரிந்தது.

"மரம் நல்ல மரந்தாங்க தொரே. பச்சையிலயே பொளக்கச் சொல்லி முதியான்சே அன்னைக்கே சொன்னாரு. நான்தான் கேக்காம காயப் போட்டேன். எனக்கு இந்த மரத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியாது? அப்ப ரெண்டு போடு?"

"பொய்ங்க தொரே."

அப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். துரை சிரிக்கவில்லை. முந்தின நாள் பிளந்து அடுக்கிய வரிசையைக் கைத்தடியால் தட்டினார்.

"அப்ப இது யாரு பொளந்தது?"

"எம் பொஞ்சாதிங்க."

"காட்டு," என்றார் அவளிடம்.

பேச்சாயி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் குந்தினாள். கத்தியை வைத்தாள், தட்டினாள், சாய்த்தாள், நாரை அறுத்தாள். துரை பைப்பைப் பற்றவைத்துக்கொண்டு ஒரு உருளை முடியும்வரை நின்று பார்த்தார். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏனோ அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.

"சரி," என்றார் துரை. "இனிமே இது விறகுக்காரன். நீ நாளைக்கு மண்வெட்டி எடு, மலைக்குப் போ. ஆள் கணக்கு ஒண்ணுதான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புவுக்கும் விளங்கவில்லை. "பொம்பளையா தொரே?" என்றார்.

"விறகு ஆம்பளையா பொம்பளையா கேக்குமா? எரியுமா, அவ்வளவுதான்."

அவர் ஒன்றும் பெரிய மனசு பண்ணிச் செய்யவில்லை. ஆண் செய்த வேலையைப் பெண்ணாளுக்குரிய சம்பளத்தில் முடித்துக்கொண்டார். அது எனக்கு அன்றே தெரியும், இன்றும் கோபம் உண்டு. ஆனால் நாங்கள் கீழே இறங்கவில்லை.

துரை திரும்பியபோது பேச்சாயி கூப்பிட்டாள். "தொரைங்களே, ஒரு வார்த்தைங்க. எம் புள்ளைய பிள்ளைக்காம்பிராவுல விடாம எங்கூடவே வச்சுக்கிறேன். இந்த எடத்துல வெயில் நல்லா விழுது."

"கட்டை தெறிச்சா?"

"எங் கை எங்க அடிக்கும்னு எனக்குத் தெரியுங்க."

அவர் போய்விட்டார். வேண்டாமென்று சொல்லவில்லை, அதனால் சரியென்றே எடுத்துக்கொண்டோம். அந்த வாரமே முதியான்சே வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "பால் வத்திருச்சா மல்லி?" என்று கேட்டார்.

7. சத்தம்

ஆக, தோட்டத்துப் பிள்ளைகள் படிக்க விறகைப் பற்றி எழுதச் சொல்லி நீங்கள் கேட்டது சரியான ஆளிடம் அல்ல. நான் பங்களா விறகுக்காரனாக இருந்தது நான்கு மாதம். பேச்சாயி இருந்தது பதினாறு வருடம். கொல்லனிடம் சொல்லி அவளுக்கென்று முதுகு கனத்த நேர்க்கத்தி ஒன்றையும் பிறகு அடித்துக் கொடுத்தார்கள். அவள் காலத்தில் மரம் விழுந்த வாரமே பச்சையாகப் பிளந்துவிடுவாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்குப் பின்னால் நின்று அடுக்கியபோது தெரிந்துகொண்டது. வேலைக்குப் புதிதாகப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: தெரியாத மரத்துக்கு முன்னால் நின்றால் முதல் நாளே தெரியாது என்று சொல்லிவிடுங்கள். நான்கு மாதம் கழித்துச் சொன்னால் கார்ப்பெட் எரிந்திருக்கும்.

மண்வெட்டி எடுத்த முதல் வாரங்கள் எனக்கு நரகம். பங்களாவுக்கு எதிர் மலையில் எங்களுக்கு மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டுகிற வேலை. அவள் கத்தி முதுகில் தட்டும் சத்தம் பள்ளத்தைத் தாண்டி டொக், டொக் என்று வரும். "பொண்டாட்டி வெறகு, புருசன் புல்லு" என்று பக்கத்து ஆட்கள் பாடுவார்கள். காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கும்.

தை மாதத்தில் ஒரு நாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. கான் வெட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தேன். ஏதோ குறைந்தது. சத்தம் நின்றிருந்தது. கொஞ்சம் பொறுத்தேன். திரும்ப வரவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன்.

கரவனெல்லயில் என் பையன்கள் போன இரண்டு தடவையும் நான் வேலைக் காட்டில்தான் இருந்தேன். எந்த நேரம் போனார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆள் வந்து கூப்பிட்ட பிறகுதான் தெரியும்.

மண்வெட்டியைப் போட்டேன். கங்காணி என்னவென்று கேட்டது காதில் விழவில்லை. பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, செடிகளுக்குள் விழுந்து எழுந்து விறகுக் களத்துக்கு ஓடினேன். லெட்சுமி தாய் மடியில் கிடந்தாள். நான் நெருங்கி நெற்றியில் கை வைத்தேன். பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தது.

"என்னங்க, எதுக்கு இப்படி ஓடியாந்தீங்க?"

"சத்தம் நின்னுச்சு."

பேச்சாயி என் முழங்காலில் இருந்த சேற்றையும் கையிலிருந்த சிராய்ப்பையும் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"புள்ளைக்குப் பசிக்காதா?" என்றாள், மெதுவாக.

நான் திரும்பி ஏறினேன். பாதி வழி ஏறியிருப்பேன், கீழே டொக் என்று கேட்டது. பிறகு இன்னொன்று. அங்கேயே செடிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். பையன்களைப் புதைத்தபோது எனக்கு வராத அழுகை அது. மேலேயிருந்து கங்காணி என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். கத்தட்டும் என்று இருந்துவிட்டேன்.